பச்சைப் பொத்தானும் கடைசி வரிசை எட்டு வீடுகளும்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருஷம் இழுத்தடித்துவிட்டேன். கொப்பியை எடுப்பேன், பிஸ்மி சொல்லி முதல் வரி எழுதுவேன், பிறகு மூடி அலுமாரிக்குள் வைத்துவிடுவேன். விஷயம் ஒரு கொம்பியூட்டர் விளையாட்டில் தொடங்குகிறது. தாடி நரைத்தவன், பள்ளியில் முன் வரிசையில் நின்று தொழுகிறவன், வேலைத்தளத்தில் உட்கார்ந்து கேம் விளையாடினான் என்று எழுதக் கை கூசியது. இப்போது கூச்சம் குறைந்துவிட்டது, ஆயுளும் குறைந்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. கல்முனைப் பக்கத்தில் கட்டட வேலைகளுக்கு சுப்பவைசராக இருந்தே காலத்தைக் கழித்தவன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிமாருக்கும், இப்போதெல்லாம் தலைக்கவசம் போட்டுக்கொண்டு தளத்துக்கு வரும் தங்கச்சிமாருக்கும்தான் இது. கம்பி கட்டுவது, கொங்கிரீட் போடுவது எல்லாம் உங்களுக்குப் படிப்பிலேயே தந்திருப்பார்கள். ஆட்களை எந்த அளவுக்குக் கையில் பிடிப்பது, எந்த அளவுக்கு விடுவது என்பதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் தரவில்லை. அதைக் கொஞ்சம் ஒரு விளையாட்டும், மிச்சத்தை எட்டு வீடுகளும் தந்தன.

சுனாமி அள்ளிக்கொண்டு போனவர்களுக்காக வெளிநாட்டு உதவியில் வீடு கட்டிய காலம். கடற்கரை ஓரம் கட்டக்கூடாது என்று சொல்லி, மேற்கே வயலை மண் போட்டு நிரப்பி எங்களுக்குக் காணி தந்திருந்தார்கள். ஒரு தகரக் கொட்டில்தான் கந்தோர், எங்கள் அலுவலகம். அதற்குள் ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர், ஒரு டீ.ஓ. தம்பி. டீ.ஓ. என்றால் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எனக்கு மேலே அவர்தான். வயதில் என் மூத்த மகனுக்கு இளையவர். கல்முனைத் தமிழ்ப் பக்கத்துப் பிள்ளை, நெற்றியில் திருநீறு, வாயில் எப்போதும் ஒரு பகிடி. பெயரை எழுதமாட்டேன், அவர் அதை விரும்பமாட்டார்.

அந்த நாட்களில் அடிக்கடி பாதை மூடுவார்கள். ஒரு நாள் ஹர்த்தால், ஒரு நாள் சோதனைச் சாவடியில் லொறியைத் திருப்பி அனுப்புவார்கள். சீமெந்து வராவிட்டால் வேலை இல்லை. அப்படியான பகல்களில் தம்பி கேம் விளையாடுவார். ஒரு வெறும் நிலம். அதில் நீங்கள் ஊர் கட்ட வேண்டும், வயல் செய்ய வேண்டும், பாதை போட வேண்டும், மதில் எழுப்ப வேண்டும். அதற்கென்று மண்வெட்டியோடு சின்னச் சின்ன வேலையாட்கள். எதிரியும் உண்டு, அவனும் எங்கேயோ ஊர் கட்டிக்கொண்டிருப்பான்.

முதலில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன். மூன்று நாள் தொடர்ந்து பாதை மூடியபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். நாலாம் நாள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். தம்பி சிரித்துவிட்டு இடத்தை விட்டுத் தந்தார்.

நான் ஊருக்குக் கல்முனை என்றே பெயர் வைத்தேன். ஒவ்வொரு வேலையாளையும் நானே கூட்டிப் போனேன். இவன் இங்கே வாய்க்கால் வெட்டட்டும், இவன் அங்கே பாதை போடட்டும். ஒருவன் வேலையை முடித்து நின்றால் அடுத்த வேலையையும் நானே கொடுப்பேன். இருபது பேருக்கு மேல் ஆனதும் ஒரு முறை சுற்றி வரவே கால் மணித்தியாலம் பிடித்தது. திரையின் ஓரத்தில் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் வேலையாள் தானாகவே வேலை தேடிச் செய்வான் என்று தம்பி சொன்னார். என் ஆட்களைக் கேட்பாரில்லாமல் விடுவதா என்று கேட்டேன்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல எழும்பினேன். தொழுதுவிட்டு வந்து பார்த்தால், தம்பி வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறார். எதிரி கப்பலில் வந்து இறங்கி, மதில் இல்லாத என் கல்முனையை எடுத்துவிட்டான். ஒரு பக்கத்தில் வாய்க்கால்கள் என்னவோ நூல் பிடித்த மாதிரி இருந்தன.

"காக்கா, நீங்க வாய்க்காலப் பாத்தீங்க. ஊரப் பாக்க ஒருத்தரும் இல்ல" என்றார். மூத்தவரை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அதே கிழமை, அந்த வாரத்துக்குள்ளேயே, தளத்திலும் அதுதான் நடந்தது. நான் எப்படிப்பட்ட சுப்பவைசர் என்றால், கையாள் சாந்து குழைத்தால் மணலை அளந்து பார்ப்பேன், மேசன் ஒரு வரி கல் வைத்தால் மட்டம் பிடித்துப் பார்ப்பேன். அன்றைக்கு ஐந்தாம் வீட்டில் ஒரு கதவு நிலை கால் அங்குலம் சரிவு என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் சீமெந்து லொறி வந்தது. எங்கே இறக்குவதென்று கேட்க ட்ரைவர் என்னைத் தேடியிருக்கிறார், காணவில்லை. மேசன்மாரைக் கேட்டால், காக்கா வந்து சொல்லட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நான் சொல்லாமல் எதையும் தொட்டால் நான் கத்துவேன் என்று அவர்களுக்குத் தெரியும். ட்ரைவர் பொறுமை கெட்டு, கூரை போடாத ஒரு வீட்டுக்குள் அடுக்கிவிட்டுப் போய்விட்டார். பின்னேரம் ஒரு பாட்டம் மழை. சீமெந்து அவ்வளவும் கல். மூன்று நாள் காத்திருந்து வந்த சீமெந்து.

அதற்குப் பிறகு நான் பச்சைப் பொத்தானுக்கு மாறினேன், கேமிலும் தளத்திலும்.

கேமில் அது நன்றாகத்தான் இருந்தது. வேலையாட்கள் தங்கள் பாட்டுக்கு ஓடித் திரிந்தார்கள், பாதைகள் முளைத்தன. எனக்கு மதில் கட்டவும் எதிரியைப் பார்க்கவும் நேரம் கிடைத்தது. ஒரே ஒரு முறை மட்டும், கப்பல் கட்டுவதற்கென்று நான் வைத்திருந்த காட்டை ஒருவன் வெட்டி வயலாக்கிவிட்டான். அந்த இடத்துக்கு வயல்தான் லாபம். அவன் கணக்கு சரி. எனக்குக் கப்பல் வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. தம்பியிடம் முறையிட்டேன். அவர் எல்லாரையும் பொத்தானில் விடமாட்டாராம், எப்போதும் இரண்டு பேரைக் கையில் வைத்திருப்பாராம், நமக்கு மட்டும் தெரிந்த வேலைக்கு. ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு மறந்துபோனேன்.

தளத்தில் மேசன்மாரைக் கூப்பிட்டு ஒரு பேச்சுப் பேசினேன். இனி ஒவ்வொன்றுக்கும் என்னிடம் வரத் தேவையில்லை, பிளான் சுவரில் தொங்குகிறது, அதைப் பார்த்துச் செய்யுங்கள், கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள் என்றேன். தலைமை மேசன் ஆதம்பாவா தாடையைச் சொறிந்துகொண்டு நின்றான். என்னைவிட நல்ல கைக்காரன், கதை குறைவு. சரி காக்கா என்றுவிட்டுப் போனான்.

வேலை பறந்தது. நடுத் தெருவான பிரதான ஒழுங்கையின் இரண்டு பக்கமும் வீடுகள் எழும்பின. கடைசியில் குறுக்கு ஒழுங்கை ஒன்றில் எட்டு வீடுகள் மிச்சம். அவையும் கூரை போட்டு, நிலம் போட்டு, கக்கூஸ் கோப்பையும் பதித்து முடிந்தன. தம்பி எல்லா வீடும் முடிந்தது என்று கையெழுத்து வைத்து அனுப்பினார். ஐந்து நாளில் வீட்டுச் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, கொடுக்கும் நாள். அதற்கிடையில் வெளிநாட்டு எஞ்சினியர் வந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்து ஒப்பமிட வேண்டும். சண்டை திரும்பவும் கூடிக்கொண்டிருந்தது. அந்தக் கிழமையோடு தங்கள் ஆட்கள் நாட்டை விட்டுப் போவார்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் ஒப்பமிடாத வீடு முடியாத வீடு. அதற்குப் பத்திரம் இல்லை.

சுலைஹா என்ற பெண்ணுக்குக் குறுக்கு ஒழுங்கையில் ஒரு வீடு கிடைத்திருந்தது. கடல் அவளுடைய புருஷனை எடுத்தது. மூன்று பெண் பிள்ளைகளோடு இரண்டு மாரிக்காலம் கூடாரத்தில் கழித்தவள். எங்கள் தளத்து வாசலில் அடுப்பு வைத்து அப்பம் சுட்டு விற்பாள். மேசன்மார் கடன் கேட்டால் அவள் வாயிலிருந்து தப்புவது கஷ்டம். பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பதுதானே எங்கள் ஊர் வழக்கம். மூன்று பேருக்கும் இருக்கிற ஒரே வீடு இது, மூத்தவளுக்கு எழுதி மற்றவளுகளுக்குப் பக்கத்தில் அறை இறக்குவேன் என்று இப்போதே திட்டம் போட்டு வைத்திருந்தாள்.

அன்று காலையில் விளக்குமாற்றோடு வீட்டைக் கூட்டப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். முகத்தில் பகிடி இல்லை.

"காக்கா, எண்ட வீட்டுல கிப்லா எந்தப் பக்கம்?"

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல், கொஞ்சம் வடக்கே சாய்ந்தால் கிப்லா, நாங்கள் தொழ நோக்கும் திசை. குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். கையை நீட்டிக் காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு வீட்டைப் பார்த்தாள். நான் விடுவிடென்று போய் அவளுடைய வீட்டுக் கக்கூஸை எட்டிப் பார்த்தேன்.

பிளான் ஒன்றுதான். பிரதான ஒழுங்கையில் வீடுகள் ஒழுங்கையைப் பார்க்கும். கக்கூஸில் உட்கார்ந்தால் வடக்கையோ தெற்கையோ பார்க்கும். குறுக்கு ஒழுங்கையில் அதே பிளானைக் கால்வாசி திருப்பி வைத்தால், உட்காருகிறவன் நேரே கிப்லாவை நோக்கி உட்காருவான். எட்டு வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. தொழும் திசையை நோக்கி மலசலம் கழிப்பது எங்களுக்கு விலக்கு, எங்கள் ஊரில் ஒரு பிள்ளையும் அப்படி உட்காராது. அல்லாஹ் மன்னிக்கட்டும், அந்த வரிசையின் முதல் வீட்டுக் கூடத்தில்தான் நான் ஒரு மாதமாக ஆட்களைச் சேர்த்து லுஹர் தொழுதேன். நான் தக்பீர் கட்டி நின்ற சுவருக்குப் பின்னால்தான் அந்தக் கோப்பை இருந்தது.

ஆதம்பாவாவிடம் போனேன். ஏன் இப்படிப் பதித்தாய் என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, உயர்த்த எனக்கு முகம் இல்லை.

"முதல் வீட்டுலயே கண்டன் காக்கா. நீங்கதான கேள்வி கேக்காமச் செய்யச் செல்லினீங்க. அதோட நீங்க அங்கதான தொழுறீங்க. தெரிஞ்சுதான் விட்டிருக்கீங்க எண்டு நெனச்சன்."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கேமில் இருக்கிற வேலையாளுக்கு வாய் கிடையாது. காட்டை வெட்ட முதல் அவன் உங்களைக் கேட்கமாட்டான், கேட்கவும் முடியாது. என் ஆட்களுக்கு வாய் இருந்தது. நான் முதலில் தலைக்கு மேல் நின்று அவர்களுடைய கையைக் கட்டினேன். அதில் சீமெந்து போனது. பிறகு கையை அவிழ்த்துவிட்டு வாயைக் கட்டினேன். இரண்டும் ஒரே பிழைதான், இரண்டு உடுப்புப் போட்டு வந்தது.

டீ.ஓ. தம்பியிடம் ஓடினேன். அவருக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விளங்கியதும் கதிரையில் சாய்ந்துவிட்டார்.

"ஏன் காக்கா எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல? பிளான் வரையக்கயே திருப்பியிருப்பனே."

பிறகு யோசித்தார். கையெழுத்துப் போய்விட்டது. எஞ்சினியர் எந்த நேரமும் வரலாம். வரும்போது நிலம் உடைந்து கிடந்தால் வீடு முடியவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், திரும்பி வரமாட்டார். பேசாமல் விட்டால் ஒப்பம் விழும், பத்திரம் வரும், சனங்கள் பிறகு தாங்களே திருப்பிக்கொள்ளட்டும். கூடாரத்தில் இருந்து வருகிற சனம் எதைக்கொண்டு உடைத்துக் கட்டும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படியே விட்டுவிட எனக்கும் ஆசை வந்தது. நான்கு பக்கமும் மறைத்த இடத்தில் கிப்லாவை நோக்கினாலும் குற்றமில்லை என்று சொல்கிற, மார்க்கம் படித்த ஆலிம்கள் உண்டு என்பதும் அந்த நேரம் பார்த்து எனக்கு நினைவுக்கு வந்தது. அப்படியான நேரத்தில் அறிவு எவ்வளவு சுறுசுறுப்பாக ஓடும் என்பதை நீங்களும் ஒரு நாள் காண்பீர்கள்.

நான் தீர்மானிப்பதை நிறுத்தினேன். எட்டு வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, ஆதம்பாவாவையும் உட்கார வைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன். உடைத்தால் வீடே ஒப்பம் இல்லாமல் போகலாம், உடைக்காவிட்டால் இப்படியேதான் இருக்கும் என்றேன். ஒருவர் மூக்கில் விரல் வைத்தார், ஒருவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதவில்லை. கடைசியில் எல்லாரும் உடைக்கத்தான் சொன்னார்கள்.

அப்போது ஆதம்பாவா வாயைத் திறந்தான். எட்டையும் ஒன்றாக உடைக்க வேண்டாம், இரண்டு இரண்டாக உடைப்போம் என்றான். கக்கூஸ் அறை சதுரம், கோப்பையைத் திருப்ப இடம் போதும். ஒரு சோடியை உடைத்துத் திருப்பிப் பூசி முடித்த பிறகு அடுத்த சோடி. எஞ்சினியர் எப்போது வந்தாலும் இரண்டு வீடுதான் திறந்து கிடக்கும், மற்ற ஆறும் முழுசாக இருக்கும். எனக்கு இது தோன்றவே இல்லை. தம்பியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எந்தச் சோடி கடைசி என்ற கேள்வி வந்தது. கடைசிச் சோடிக்குத்தான் ஆபத்து.

"எண்டதக் கடைசியா வைங்க" என்றாள் சுலைஹா. "பிழையக் கண்டு புடிச்சவ நான். மத்தாக்களுக்கு என்னால வீடு போகக்கூடாது."

அவளுக்குப் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர், அப்ப எனதும் அதோட கிடக்கட்டும் என்றார்.

அடுத்த இரண்டு நாளும் நான் வேலை செய்த மாதிரி முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. ஆனால் செய்தது ஒரே ஒரு வேலை. ஒவ்வொரு வீட்டிலும் நூல் கட்டி, கோப்பை எந்தத் திசைக்கு நிற்க வேண்டும் என்று நானே கோடு போட்டுக் கொடுத்தேன். அதை வேறு ஒருவரிடமும் விடவில்லை. உடைப்பது, குழாயை வளைப்பது, பூசுவது எல்லாவற்றையும் ஆதம்பாவாவிடம் விட்டுவிட்டேன். ஒரு தடவைகூட மட்டம் பிடித்துப் பார்க்கவில்லை. கோப்பையை முழுசாக எடுக்க முடியாது என்று நினைத்தேன். எட்டில் இரண்டுதான் உடைந்தது. களஞ்சியத்தில் மூன்று இருந்தது. டீ.ஓ. தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் அள்ளினார். சுலைஹா அப்பத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இன்றைக்குக் கடன் இல்லை, ஆனால் நாளையிலிருந்து திரும்பவும் நான் பழைய ஆள்தான் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாள் லுஹர் தாண்டி, ஏழாவதும் எட்டாவதும் உடைந்து கிடக்கும்போது எஞ்சினியரின் வாகனம் வந்தது.

தம்பி ஒன்றையும் மறைக்கவில்லை. நேரே கூட்டிப் போய் உடைந்த நிலத்தைக் காட்டி இங்கிலீசில் எல்லாவற்றையும் சொன்னார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. குனிந்து நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பின்னேரத் தொழுகை அசறுக்கு முதல் முடியும், இருந்து பாருங்கள் என்று ஆதம்பாவா சொன்னதைத் தம்பி மொழிபெயர்த்தார். ஆனால் பாதை மூட முதல் அவர் திரும்ப வேண்டும். அவருக்கும் மேலே ஆள் உண்டு. ஆறு வீட்டுக்கு ஒப்பமிட்டார். மற்ற இரண்டையும் திறப்புக் கொடுக்கும் நாளில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். சொன்ன மாதிரி அசறுக்கு முதல் வேலை முடிந்தது. திறப்புக் கொடுக்கும் நாளில் பாதை திறக்கவில்லை. அவர் வரவில்லை. அடுத்த கிழமை அவர்கள் நாட்டில் இல்லை.

சுலைஹாவுக்கும் அந்தக் கிழவருக்கும் தம்பி தன் கையால் திறப்பைக் கொடுத்தார். கேட்டால் நான் பதில் சொல்கிறேன், உள்ளுக்குப் போங்கள் என்றார். அவர்கள் போனார்கள். ஆனால் கையில் பத்திரம் இல்லை. ஒப்பம் இல்லாத வீட்டுக்கு யார் பத்திரம் கொடுப்பது? ஒவ்வொரு முறை கந்தோர் வாகனம் ஒழுங்கைக்குள் வந்தாலும் வீட்டை விட்டு எழுப்பத்தான் வருகிறார்கள் என்று சுலைஹா வாசலுக்கு வந்து நிற்பாள். மூத்தவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு இடம் அப்படிப் போனது. என்னைக் கண்டால் அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அப்பம் வேண்டுமா காக்கா என்றுதான் கேட்பாள். அது எனக்கு ஏச்சை விடக் கடினமாக இருந்தது.

நானும் தம்பியும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினோம். சண்டை முடிந்து, பாதைகள் திறந்து, கந்தோர்களில் ஆட்கள் நிமிர்ந்து உட்காரத் தொடங்கிய பிறகுதான் ஒரு உத்தியோகத்தர் எங்கள் கோப்புக்கட்டைத் தூசு தட்டி எடுத்தார். வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கிழவர் அதற்கு முன்னமே மவுத்தாகிவிட்டார். அவருடைய பத்திரம் மகள் பெயரில் வந்தது. சுலைஹா பத்திரத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்து, மூத்த மகளிடம் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இனி நித்திர கொள்ளுங்க காக்கா" என்றாள். நான் இத்தனை நாளும் நித்திரை கொள்ளவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, அல்லாஹ் அறிவான்.

இந்தச் சம்பவம் எங்கள் பக்கத்தில் கைமாறிக் கைமாறி, இப்போது வேறு மாதிரி உலாவுகிறது. ஈமானுள்ள சுப்பவைசர் ஒருவர் தொழும்போதே பிழையை உணர்ந்து, ஒரே நாளில் எட்டையும் திருப்பி, எல்லாருக்கும் வீடு வாங்கிக் கொடுத்தாராம். போன மாதம் ஒரு தம்பி இதை என்னிடமே சொன்னார். அது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கதையால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஆகவே நீங்கள் இதை அடுத்தவருக்குச் சொன்னால், இருக்கிறபடியே சொல்லுங்கள். முதலில் கண்டவன் ஆதம்பாவா, முதலில் கேட்டவள் சுலைஹா. ஒரு மாதம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றும் காணாதவன் நான். என்னை நல்லவனாக்க எதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம். பத்திரமில்லாமல் அவள் வாசலில் வந்து நின்ற அந்த வருஷங்களை மட்டும், தயவுசெய்து, ஒரு நாள்கூடக் குறைத்துச் சொல்லாதீர்கள்.